ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அதிபர்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் நாலு வருஷம் ஒபாமாவின் படம் ஒட்டியிருந்தது. உள்ளூர் நாளிதழில் வந்ததை நான்தான் வெட்டி ஒட்டினேன், பிள்ளையார் காந்தத்துக்குப் பக்கத்தில். காலையில் பால் எடுக்கப் போகும்போது இரண்டு பேர் முகத்திலும் விழிப்பேன்.

காரணம் இருந்தது. கோவையில் ஆடிட்டர் அலுவலகத்தில் ஐந்து வருஷம் கணக்கு பார்த்தவள் நான். 2009-ல் கல்யாணமாகி, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு வந்தேன். அந்த விசாவில் வேலை செய்யக்கூடாது. ஆறு குளிர்காலங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து பனியைப் பார்த்திருக்கிறேன். கணவருக்காக அவர் நிறுவனம் போட்ட ஐ-140 மனு அனுமதியாகி கிரீன் கார்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். 2015 மே 26 முதல் எங்களைப் போன்றவர்களின் துணைகளும் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று விதி வந்தது. அந்த வருஷமே இ.ஏ.டி என்ற வேலை அனுமதி அட்டை கைக்கு வந்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் பணம் அனுப்பிய அன்றுதான் படத்தை ஒட்டினேன். "இவர் கொடுத்தது" என்று மகளிடமும் சொல்லிவைத்தேன்.

2017 கடைசியில், அந்த விதியை நீக்கப்போவதாகப் புதிய அரசு தன் திட்டப் பட்டியலில் அறிவித்தது. எனக்கு உலகமே இருண்டுவிட்டது. கொடுத்தவர் போய்விட்டார், பறிப்பவர் வந்துவிட்டார் என்றுதான் தோன்றியது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். உயர்நிலைப் பள்ளியில் குடிமையியல் நடத்தியவர், வரவேற்பறையில் குடியரசுக் கட்சி அதிபராக இருந்த ரீகனின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவர். அவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உனக்குக் கிடைத்தது சட்டமா, விதியா, இல்லை ஆணையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் வாழ்க்கையையே மாற்றிய ஒன்று எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக்கூட நான் விசாரித்ததில்லை. கொடுத்தவர் பெயர் மட்டும் தெரியும்.

அன்றைக்கு அவர் உள்ளே போய் உள்ளங்கை அளவுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அமெரிக்க அரசமைப்புச் சட்டம். ஏறக்குறைய 4,500 சொற்கள்தான், திருத்தங்கள் தனி. ஒரே மூச்சில் படித்துவிடலாம். நம் அரசமைப்பில் 2023 வரை 106 திருத்தங்கள் நடந்திருக்கின்றன. இங்கே இருநூற்று முப்பது வருஷத்துக்கு மேலாகியும் 27-தான். முதல் உறுப்பு காங்கிரஸை, அதாவது நாடாளுமன்றத்தை, பற்றியது. ஆவணத்தில் ஏறக்குறைய பாதியை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதிபர் இரண்டாவது உறுப்பில்தான் வருகிறார், அதுவும் சுருக்கமாக. இந்த நாட்டுத் தொலைக்காட்சியை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே தருகிறேன், நம்மவர்கள் பலருக்கு இது இன்னும் குழப்பமாகவே இருப்பதால். பிரதிநிதிகள் சபையும் செனட்டும் நிறைவேற்றி அதிபர் கையெழுத்திட்டால் அது சட்டம். அந்தச் சட்டம் தந்த அதிகாரத்தை வைத்து ஒரு துறை எழுதுவது விதி. அதற்கு வரைவை பெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் வெளியிட வேண்டும், பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும், பிறகுதான் இறுதி செய்ய வேண்டும். அதிபர் தன் துறைகளுக்குக் கையெழுத்திட்டுத் தருவது நிர்வாக ஆணை. ஒரு பேனா எழுதியதை அடுத்த பேனா அடித்துவிடும்.

எனக்குக் கிடைத்தது விதி. அதனால் அதை நீக்கவும் அதே நீண்ட பாதையில்தான் போயாக வேண்டும். நீக்கும் வரைவு அந்த அரசின் நாலு வருஷத்தில் வெளியாகவே இல்லை, 2021 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. அந்த விதியை எதிர்த்து வேறொரு தரப்பு தொடுத்த வழக்கும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. இப்படி விதி எழுதும் அதிகாரம் துறைக்கு உண்டு என்று 2024 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. இத்தனை வருஷம் என் வேலையைக் காப்பாற்றியது ஃபிரிட்ஜ் கதவில் இருந்தவர் இல்லை. சலிப்பூட்டும் நடைமுறை ஒன்றுதான் காப்பாற்றியது. இன்னொன்றும் தெரிய வந்தபோது மனசு வலித்தது. 2014 மே மாதம் அந்த விதியின் வரைவு வந்தபோது யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம் என்றிருந்தது, குடியுரிமை இல்லாதவர்கள் உட்பட. என் ஐந்து வருஷத்தை நாலு பத்தியில் எழுதி அனுப்பியிருக்கலாம். நான் அப்போது தொலைக்காட்சியில் அதிபரின் பேச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு தீர்ப்புகளைப் படிக்கத் தொடங்கினேன். கணக்கு பார்த்தவளுக்கு அது அவ்வளவு அந்நியமாக இல்லை. எந்த வவுச்சர், யார் கையெழுத்து, அவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்ற அதே கேள்விகள்தான். முதலில் கையில் கிடைத்தவற்றில் ஒன்று 2014-ன் நோயல் கேனிங் வழக்கு. செனட் விடுமுறையில் இருக்கிறது என்று சொல்லி, அதன் ஒப்புதல் இல்லாமல் தொழிலாளர் உறவு வாரியத்துக்கு ஒபாமா 2012-ல் ஆட்களை நியமித்தார். அது செல்லாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். ஒபாமாவே நியமித்த சோட்டோமயோர், கேகன் இருவரும் அதில் அடக்கம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, வீட்டுப் பெரியவரை யாரோ வைதுவிட்ட மாதிரி. ஆசிரியையிடம் சொன்னேன். அவர் 1974-ல் அதிபராக இருந்த நிக்சனின் வழக்கை எடுத்துக் காட்டினார். ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சொன்ன அந்த 8-0 தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி பர்கர், நிக்சனே நியமித்தவர். "உன் ஆள், என் ஆள் என்று பார்க்காத நாட்களும் இந்த நீதிமன்றத்துக்கு இருந்திருக்கின்றன. அந்த நாட்களைத் தேடிப் படி" என்றார்.

2019 கோடையில் குடும்பத்தோடு, அதிபர்களின் முகங்களைச் செதுக்கிய ரஷ்மோர் மலை பார்க்கக் கிளம்பினோம். மகளுக்கு அப்போது எட்டு வயது. போகும் வழியில் மினசோட்டாவிலேயே உள்ள மன்கேட்டோ ஊரில் நிறுத்தச் சொன்னது ஆசிரியைதான். அங்கே ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சிறிய பூங்கா, வெள்ளைக் கல்லில் ஒரு எருமைச் சிலை, பக்கத்தில் 38 பெயர்கள். 1862 டிசம்பர் 26 அன்று அந்த இடத்தில் 38 டகோட்டா பழங்குடி ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் இத்தனை பேரைத் தூக்கிலிட்டது வேறெங்கும் இல்லை. ராணுவ விசாரணையில், வழக்கறிஞர் இல்லாமல், சில வழக்குகள் சில நிமிடங்களிலேயே முடிந்திருக்கின்றன. தூக்குத் தண்டனை பெற்றவர்கள் 303 பேர். மினசோட்டாவே எல்லோரையும் தூக்கிலிடு என்று கொதித்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு வழக்காகப் பார்க்க வைத்து, பெரும்பாலோரின் தண்டனையை நிறுத்தியவர் லிங்கன். மிச்சப் பட்டியலைத் தன் கையால் எழுதி அனுப்பியவரும் அதே லிங்கன். ஆறு நாள் கழித்து, 1863 ஜனவரி 1 அன்று, அடிமை விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்.

மகள் அந்தப் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் லிங்கன் தொப்பியைக் காகிதத்தில் செய்து போட்டுக்கொண்ட குழந்தை. "அவர் நல்லவரா, கெட்டவரா அம்மா?" என்று கேட்டாள். "303 பேரில் இத்தனை பேரைக் காப்பாற்றினார், இத்தனை பேரை அனுப்பினார்" என்று எண்ணிக்கையைத்தான் சொன்னேன். அது போதாது என்று தெரியும். ஆனால் ஒற்றை வார்த்தையில் சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

பிறகு ரஷ்மோர். கொடிகள் வரிசையாய் நிற்கும் நடைபாதை, கடைசியில் வாஷிங்டன், ஜெபர்சன், தியோடர் ரூஸ்வெல்ட், லிங்கன். ஒவ்வொரு முகமும் 60 அடி. மாலை வெளிச்சம் போடும்போது கூட்டம் எழுந்து நின்று பாடியது. பலர் கண்ணில் நீர். எனக்கும் தொண்டை அடைத்தது, அதை மறைக்கவில்லை. கோயிலில் தீபாராதனை நேரத்தில் வருகிற அதே உணர்வு.

அந்த மலை இருக்கும் பிளாக் ஹில்ஸ் பகுதி 1868-ன் லாரமி கோட்டை ஒப்பந்தப்படி சூ (Sioux) பழங்குடி மக்களுடையது. ஒப்பந்தங்களும் நாட்டின் உயர்ந்த சட்டம் என்று அரசமைப்பின் ஆறாவது உறுப்பே சொல்கிறது. 1874-ல் அங்கே தங்கம் இருப்பது தெரிந்தது. 1877-ல் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு மலைகளை எடுத்துக்கொண்டது. வயதுவந்த ஆண்களில் நாலில் மூன்று பங்கினர் கையெழுத்திடாமல் நிலத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. கையெழுத்திட்டவர்கள் பத்தில் ஒரு பங்குதான். சிலை செதுக்கும் வேலை 1927-ல் தொடங்கி 1941-ல் முடிந்தது. 1980-ல் உச்ச நீதிமன்றம் 8-1 என்ற கணக்கில், நியாயமான இழப்பீடு தராமல் எடுத்தது ஐந்தாவது திருத்தத்துக்கு விரோதம் என்றது. வட்டியோடு சேர்த்து 10 கோடி டாலருக்கு மேல் தரச் சொன்னது. சூ மக்கள் அந்தப் பணத்தைத் தொடவில்லை, நிலம்தான் வேண்டும் என்கிறார்கள். அரசமைப்பின் நாயகர்களைச் செதுக்கிய மலையே அரசமைப்பை மீறி எடுத்த மலை என்று இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே எழுதிவைத்திருக்கிறது. அந்தத் தீர்ப்பை முந்தின இரவு விடுதியில் படித்திருந்ததால்தான் நான் அங்கே எழுந்து நின்றபோது இரண்டையும் ஒன்றாக உணர முடிந்தது. படிக்காமல் போயிருந்தால் வெறும் கண்ணீரோடு திரும்பியிருப்பேன்.

ஊர் திரும்பியதும் ஃபிரிட்ஜ் படத்தை எடுத்து மேசை டிராயரில் வைத்தேன். ஒபாமா மீதான மதிப்பு போய்விடவில்லை. தினமும் காலையில் அந்த முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்று தோன்றியது, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து வந்த எனக்கு இந்த நாட்டில் புரியாமல் இருந்தது ஒன்று. மன்னர் வேண்டாம் என்று போரிட்டுப் பிரிந்தவர்கள் ஏன் இப்படிக் கோயில் கட்டுகிறார்கள்? லிங்கன் நினைவிடத்தில் "இந்தக் கோயிலில்" என்றே பொறித்திருக்கிறது. நாடாளுமன்றக் குவிமாடத்தின் உள்ளே வாஷிங்டன் தேவதைகள் சூழ விண்ணுக்கு ஏறும் ஓவியம். விடை 1787-லேயே இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். பிலடெல்பியாவில் அரசமைப்பை எழுதியபோது வாஷிங்டன்தான் தலைமை தாங்கினார். அதிபர் பதவிக்கு இவ்வளவு அதிகாரம் தந்ததற்குக் காரணம், பலர் கண் அவர் மேல் இருந்ததுதான், அவருடைய ஒழுக்கத்தை மனத்தில் வைத்தே அதிகாரத்தை வடிவமைத்தார்கள் என்று தென் கரோலினாப் பிரதிநிதி பியர்ஸ் பட்லர் அடுத்த வருஷம் ஒரு கடிதத்தில் எழுதினார். அதே அவையில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எச்சரித்திருந்தார்: முதலில் வருபவர் நல்லவராக இருப்பார், பிறகு எப்படிப்பட்டவர் வருவாரென்று யாருக்கும் தெரியாது. ஒரு நல்ல மனிதரின் அளவுக்குத் தைத்த சட்டையை அதன் பிறகு வந்த அத்தனை பேரும் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜெபர்சனும் 1816-ல் எழுதிய கடிதத்தில், சிலர் அரசமைப்பைத் தொடக்கூடாத புனிதப் பேழையாகப் பார்க்கிறார்கள் என்று குறைப்பட்டார். வாஷிங்டன் நகரிலுள்ள அவருடைய நினைவிடத்தில் அந்தக் கடிதத்தின் பிற்பகுதி பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்த வரி மட்டும் அங்கே இல்லை.

ஆசிரியை எனக்குக் கற்றுத்தந்ததில் மிக உபயோகமானது ஒரு பழக்கம்: பேரை மாற்றிப் படிப்பது. அதிபரின் அதிகாரம் பற்றிய எந்தச் செய்தியையும் நமக்குப் பிடிக்காத அதிபரின் பேரைப் போட்டு இன்னொரு தடவை படிக்க வேண்டும். அவர் தந்த உதாரணம் அவருடைய நாயகனையே தொடுவது. 1988-ல் மாரிசன் வழக்கு. அரசின் உயர் பதவியில் இருப்பவர்களை விசாரிக்க, அதிபர் எளிதில் நீக்க முடியாத தனி வழக்கறிஞரை நியமிக்கும் சட்டம் செல்லும் என்று 7-1 தீர்ப்பு வந்தது. ரீகன் அரசின் வாதம் தோற்றது. அவரை எதிர்த்தவர்களுக்குக் கொண்டாட்டம். ஒற்றை ஆளாக மாறுபட்டவர் நீதிபதி ஸ்கேலியா. பத்து வருஷம் கழித்து அதே சட்டத்தின்படி வந்த தனி வழக்கறிஞர் கிளின்டனைத் துரத்தியபோது, அன்று கொண்டாடியவர்கள் ஸ்கேலியாவின் மாறுபட்ட தீர்ப்பைத் தேடிப் படித்தார்கள். 1999-ல் அந்தச் சட்டம் காலாவதியானபோது அதைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பக்கத்திலும் அதிகம் ஆள் இல்லை.

எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இதைப் பார்த்தேன். 2015-ல் டெக்ஸாஸ் நீதிபதி ஒருவர் ஒபாமாவின் குடியேற்றத் திட்டத்தை நாடு முழுவதற்கும் நிறுத்தியபோது, "ஒரு மாவட்ட நீதிபதிக்கு இவ்வளவு அதிகாரமா?" என்று கொதித்தார்கள். 2017-ல் ஹவாய் நீதிபதி ஒருவர் டிரம்பின் பயணத் தடையை அதே மாதிரி நிறுத்தியபோது இனிப்புப் படம் அனுப்பினார்கள். இரண்டிலும் நானும் சேர்ந்துகொண்டேன். 2025 ஜூனில் அப்படிப்பட்ட தடைகளை உச்ச நீதிமன்றம் 6-3 என்று சுருக்கியபோதுதான், பத்து வருஷமாக நாங்கள் தீர்ப்பைப் பற்றிப் பேசவேயில்லை, ஆளைப் பற்றியே பேசியிருக்கிறோம் என்பது உறைத்தது.

தீர்ப்பு வந்த நாளில் எல்லோரும் முதல் சில பக்கச் சுருக்கத்தையாவது படியுங்கள். நேரம் இருந்தால் மாறுபட்ட தீர்ப்பையும் படியுங்கள், அதுதான் பெரும்பான்மை எதைத் தாண்டிப் போனது என்று காட்டும். 1944-ன் கோரேமட்சு வழக்கைப் பாருங்கள். ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேரை முகாம்களுக்கு அனுப்பியது ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1942-ல் கையெழுத்திட்ட ஆணை. நாலு முறை ஜெயித்த நாயகர். அந்த வெளியேற்றத்தை நீதிமன்றம் 6-3 என்று ஏற்றது. மாறுபட்டவர்களில் ஒருவர் ராபர்ட் ஜாக்சன், ரூஸ்வெல்ட்டின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். இந்தத் தீர்ப்பு தோட்டா நிரப்பிய ஆயுதமாகக் கிடக்கும் என்று எழுதினார். 1988-ல் தலைக்கு 20,000 டாலரும் மன்னிப்பும் தரும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ரீகன். ஆசிரியை அதைச் சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது. அந்தப் பெருமை நியாயமானது.

அப்புறம், விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு மட்டும் சில விஷயங்கள். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் இங்கே எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை தரக்கூடாது. வேட்பாளரின் பிரசார அமைப்பிடம் நேரடியாகச் சட்டையோ தொப்பியோ வாங்கினாலும் அது நன்கொடையாகவே எண்ணப்படும். 2016-ல் ஒரு டி-ஷர்ட்டுக்குக் கார்டு எண்ணைப் போடும் வரை போய்விட்டேன். பக்கத்தின் அடியில் குடியுரிமை பற்றிக் கேட்டிருந்ததைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். ஓட்டுநர் உரிமம் எடுக்கும் இடத்தில் வாக்காளராகப் பதிவதா என்று கேட்டால், தெளிவாக இல்லை என்று சொல்லுங்கள். குடிமகன் என்று தவறாகக் குறித்துவிட்டால் நாடு கடத்தும் வரை போகலாம். ஆனால் பயந்து ஒடுங்கவும் வேண்டாம். பதினான்காவது திருத்தம் சட்டத்தின் சமமான பாதுகாப்பை "எந்த நபருக்கும்" மறுக்கக்கூடாது என்கிறது, குடிமகனுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. சான்பிரான்சிஸ்கோவில் சலவைக்கடை வைத்திருந்த ஒரு சீனர் 1886-லேயே அந்தச் சொல்லை வைத்து உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்திருக்கிறார். விதி வரைவுகளுக்குக் கருத்து எழுதுங்கள். 2014-ல் நான் விட்டதை இப்போது விடுவதில்லை. இதுவரை மூன்று வரைவுகளுக்கு எழுதியிருக்கிறேன்.

பொள்ளாச்சியில் இருக்கும் அப்பாவிடம் இதையெல்லாம் போனில் சொன்னபோது, "அம்பேத்கர் சொன்னதுதானேம்மா?" என்றார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியது. மதத்தில் பக்தி ஆன்மாவின் விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் பக்தி வீழ்ச்சிக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்குமே வழி என்றார் அவர். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். அப்பாவின் அறையில் அவருடைய படம் மாலையோடு இருக்கிறது. "அப்போ அந்த மாலை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நன்றிக்குப் போட்டதும்மா. அவர் சொன்னதைக் கேள்வி கேட்டுத்தான் படிக்கிறேன்" என்றார். நான் டிராயரில் வைத்த படத்துக்கு அந்தப் பதில் போதும் என்று நினைக்கிறேன்.

2024 ஜூலை 1 அன்று அதிபரின் விலக்குரிமை பற்றிய தீர்ப்பு வந்தது. அரசமைப்பு தரும் அடிப்படை அதிகாரங்களைப் பயன்படுத்தியதற்கு முன்னாள் அதிபர் மீது குற்ற வழக்கே போட முடியாது, மற்ற அலுவல் செயல்களுக்கும் பாதுகாப்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அலுவல் சாராதவற்றுக்கு இல்லை. 6-3. மாலையில் ஆசிரியை வீட்டுத் திண்ணையில் இரண்டு பேரும் அச்செடுத்த தாள்களோடு உட்கார்ந்தோம். இந்தத் தீர்ப்பால் பயன்பெறுபவர் அவருடைய கட்சிக்காரர். பேரை மாற்றி வாய்விட்டுப் படித்தார். எட்டாவது பக்கத்தில் நிறுத்தி ஓரத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்று எழுதினார். எனக்கும் ஓர் இடத்தில் தடுக்கியது. பாதுகாப்பு இல்லையென்றால் ஒவ்வொரு அதிபரும் முந்தையவர் மேல் வழக்குப் போட்டுக்கொண்டே இருப்பார் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதியிருந்ததற்கு எளிதான பதில் என்னிடம் இல்லை. வாதாடினோம். ஒத்துப்போகவில்லை. கொசு கடிக்கத் தொடங்கியதும் உள்ளே போய், சமையலறை மேசையில் டீ போட்டுக்கொண்டு, சோட்டோமயோரின் மாறுபட்ட தீர்ப்பை முதல் பக்கத்திலிருந்து தொடங்கினோம்.